பின்னல் கரை: நெடுங்கை இயந்திரத்தில் கேபிள் கரை தைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பரந்தனுக்கு அருகே, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டிலில் இருந்து இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் தங்கை கப்பலில் அனுப்பிய நெடுங்கைத் தையல் இயந்திரம் அங்கேதான் நிற்கிறது. கிளிநொச்சியிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் தையல் தெரிந்த பெண்கள் வந்து பழகுகிறார்கள். குயில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வையின் நடுப்பகுதியை அவர்கள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். கரையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்கள் இவை.

கேபிள் கரை என்றால் என்ன?

இரண்டு கயிறுகள் ஒன்றையொன்று மாறி மாறிக் கடந்து போவதுபோல், போர்வையின் ஓரம் முழுவதும் ஓடும் தையல் கோலம். எங்கள் கொட்டிலில் இதைப் பின்னல் கரை என்கிறோம். சேலைக்குக் கரை எப்படியோ, போர்வைக்கு இது அப்படி. இரண்டு இழைகளும் கடக்கும் இரு இடங்களுக்கு நடுவே நீள்வட்டமாக ஓர் இடைவெளி விழும். அதைக் ‘கண்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தப் பக்கம் முழுவதும் கண் என்றால் அதுதான்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் வடக்கே டர்ஹாம், நோர்தம்பர்லாந்து பகுதிகளின் பழைய கைத்தையல் போர்வைகளில் இது மிகவும் பேர்பெற்ற கரை. அங்கே துணியில் கோலம் வரைந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அலன்ஹெட்ஸ் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜ் கார்டினர் என்பவர் நீலப் பென்சிலால் வரைந்து கொடுத்தார். அவரிடம் பழகிய எலிசபெத் சாண்டர்சன் பின்னர் தாமே பேர்பெற்ற வரைவாளரானார். 1928இல் பிரித்தானியாவின் கிராமியத் தொழில்கள் பணியகம், வேலையிழந்து கிடந்த சுரங்கக் கிராமங்களின் பெண்கள் இந்தத் தையலால் வருமானம் பெற வழி செய்தது. ஆண்களின் உழைப்பு நின்றுபோன வீடுகளை அந்தப் பெண்களின் ஊசி தாங்கியது. வன்னியில் இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும்போது அந்தச் செய்தியை நான் சொல்லாமல் விடுவதில்லை.

நெடுங்கை இயந்திரம் வழமையான தையல் இயந்திரத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது?

வழமையான இயந்திரத்தில் துணியை நகர்த்துகிறோம், ஊசி நின்ற இடத்தில் நிற்கிறது. இதில் துணி சட்டத்தில் சுருட்டிக் கட்டப்பட்டு அசையாமல் இருக்கிறது. இயந்திரம்தான் தண்டவாளத்தில் சில்லுகளுடன் முன்னும் பின்னும், இடமும் வலமும் ஓடுகிறது. மேல்துணி, பஞ்சுப் படலம், அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்தே தைக்கிறோம். கை நகரும் வேகத்துக்கு ஏற்பத் தையலின் நீளத்தைச் சீராக வைக்கும் கருவி பல இயந்திரங்களில் உண்டு. அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் கரைக்கு அழகாக இருக்கும்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இயந்திரக் கையின் ஆழம் 18 அங்குலம் என்றால் தைக்கக் கிடைப்பது அவ்வளவும் அல்ல. போர்வை சுருளச் சுருள உருளை தடித்து இடத்தைத் தின்னும். 12 அங்குலம் கிடைத்தால் போதும் என்று கணக்கு வையுங்கள்.

கனடாவிலிருந்து வந்த இயந்திரத்தை இங்குள்ள மின்சாரத்தில் நேரே போடலாமா?

போடக்கூடாது. அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இயந்திரத்தின் பின்புறத் தகட்டை வாசியுங்கள். 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் செருகியை மாற்றினாலே போதும். 120 மட்டும் இருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபோமர் வேண்டும், அதன் திறன் தகட்டில் உள்ள வாட்டைவிட ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். டிரான்ஸ்ஃபோமர் அழுத்தத்தை மாற்றுமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது. தகட்டில் 60 மட்டும் எழுதியிருந்தால், செருகுவதற்கு முன் தெரிந்த ஒரு மின்பொறியாளரிடம் காட்டுங்கள்.

தைத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பதறி இயந்திரத்தை இழுக்காதீர்கள். ஊசி துணிக்குள் நிற்கும். கைச்சில்லைச் சுற்றி ஊசியை மேலே எடுத்துவிட்டுப் பிறகு நகர்த்துங்கள். அந்த நேரத்தில் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள், மின்சாரம் திரும்பி வரும்போது ஏறி இறங்கும்.

அச்சு எவ்வளவு தடிப்பு இருக்க வேண்டும்? இங்கே வெட்டுவிக்க முடியுமா?

அச்சு என்பது கோலத்தின் வடிவில் வெட்டிய தகடு; ஊசியைச் சுற்றித் துள்ளும் பாதம் அதன் விளிம்பை உரசி ஓடும். அதன் தடிப்பு கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், துள்ளும் பாதத்தின் அடியில் அது நுழைந்துவிடும். ஊசி அக்ரிலிக்கில் அடித்து உடைந்து முகத்துக்குத் தெறிக்கும். பார்வைக்கு ஆபத்து.

பெயர்ப்பலகைக்கு அக்ரிலிக் வெட்டும் கடைகளில் அச்சை வெட்டுவிக்கலாம். வரைபடத்தை நீங்கள் சரியாகக் கொடுக்க வேண்டும். பாதத்தின் விட்டம் அரை அங்குலம், ஊசி அதன் நடுவில் இறங்குகிறது. ஆகவே தையல் எப்போதும் அச்சின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளியே விழும். நேர்கோட்டில் இது எளிது. அலை வடிவத்தில் பலர் பிழை விடுவது இங்கேதான்: அலையை அப்படியே கால் அங்குலம் கீழே நகர்த்தி வெட்டச் சொல்கிறார்கள். அது சரிவராது. அச்சு வெளியே புடைக்கும் வளைவில் அதன் ஆரை தையலின் ஆரையைவிடக் கால் அங்குலம் குறைய வேண்டும், உள்ளே குழியும் வளைவில் கால் அங்குலம் கூட வேண்டும். முதலில் தையல் கோட்டை வரையுங்கள். பிறகு கால் அங்குல ஆரை கொண்ட சிறு வட்டங்களைக் கோடு முழுவதும் நெருக்கமாக வரைந்து, அவை ஒரு பக்கம் தொடும் விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் அச்சின் வடிவம்.

வெட்டிய அச்சில் நடுக்கோட்டையும் கடக்கும் புள்ளிகளையும் கீறச் சொல்லுங்கள். கீறல் இல்லாத அச்சு வெறும் கண்ணாடித்துண்டு.

கரைக்குள் எத்தனை கண் அடங்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இதற்குத்தான். ஊசி துணியைத் தொடுமுன்னரே கேபிள் கரை நல்லதா கெட்டதா என்று தீர்ந்துவிடுகிறது.

நான் தைத்த முதல் போர்வையில் கணக்கே பார்க்கவில்லை. மேல் இடது மூலையில் தொடங்கி அழகாகப் பின்னிக்கொண்டு போனேன். வலது மூலைக்கு வந்தபோது அரைக் கண்ணுக்குத்தான் இடம் இருந்தது. அந்தக் கரை முழுவதையும் பிரித்தேன், விடிந்துவிட்டது. அன்றிலிருந்து அளவுநாடா இல்லாமல் அச்சைத் தொடுவதில்லை.

ஓர் உதாரணம். கரை போடுமுன் நடுப்பகுதி 48 × 68 அங்குலம், உங்கள் அச்சின் கண் 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 48ஐ 5ஆல் வகுத்தால் 9.6, 68ஐ வகுத்தால் 13.6. இரண்டும் முழு எண் அல்ல. உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

கரைத்துணி இன்னும் பொருத்தவில்லை என்றால், நடுப்பகுதியைச் சுற்றி ஓர் அங்குல அகலத்தில் ஒரு சிறு துணிச் சட்டம் தைத்துவிடுங்கள். இரு புறமும் சேர்ந்து இரண்டு அங்குலம் கூடும்: 50 × 70. இப்போது 10 கண், 14 கண், மிச்சமே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. அந்தச் சட்டம் பார்வைக்கு அழகாகவும் இருக்கும், ஏன் வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கரைத்துணி ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டதென்றால் கண்ணைச் சற்று ஒடுக்குங்கள். 48க்கு 10 கண் வைத்தால் ஒவ்வொன்றும் 4.8 அங்குலம். 68க்கு 14 வைத்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4.86. கண்ணுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்தான் குறைகிறது, பார்ப்பவர் கண்டுபிடிக்க முடியாது. ஒடுக்குவதை எப்போதும் இழைகள் கடக்கும் இடத்தில் செய்யுங்கள். அங்கே அச்சைச் சிறிதளவு பின்னால் நகர்த்தி வைத்தால், குறுக்கே வரும் மற்ற இழை அந்த மாற்றத்தை மறைத்துவிடும். வளைவின் உச்சியில் நகர்த்தினால் கூனல் தெரியும். கண்ணுக்குக் கால் அங்குலத்துக்கு மேல் ஒடுக்கவோ நீட்டவோ வேண்டி வந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

கணக்கு வராது என்று சொல்லும் அம்மாமாருக்கு நான் காகிதச் சுருளைக் கொடுக்கிறேன். கடைகளில் பற்றுச்சீட்டு அச்சடிக்கும் ஒடுக்கமான சுருள் போதும். கரையின் நீளத்துக்கு வெட்டி, வேண்டிய எண்ணிக்கைக்குச் சமமாக மடித்து, மடிப்புகளைத் துணியில் சோக்கால் குறித்துக்கொண்டால் வகுத்தல் தேவையே இல்லை.

அகலத்தையும் மறக்காதீர்கள். வெளி ஓரத்தில் கால் அங்குலத்தை ஓரப்பட்டி மூடிவிடும். அதைக் கழித்து, மிஞ்சித் தெரியும் அகலத்துக்கு நடுக்கோடு போடுங்கள். தெரியும் கரை 6 அங்குலம் என்றால் பின்னலின் உயரம் நாலரை போதும். ஓரம்வரை முட்டும் பின்னல் மூச்சுமுட்டி நிற்கும்.

மூலையில் என்ன செய்வது?

போர்வையைக் கையில் எடுக்கும் எந்தத் தையல்காரியும் முதலில் மூலையைத்தான் பார்ப்பாள். மூன்று வழிகள் சொல்கிறேன்.

முதலாவது, மூலைச் சதுரத்தைத் தனியே விட்டு, அதில் வேறொரு வடிவம் தைப்பது: தாமரை, நட்சத்திரம், எதுவாகவும் இருக்கலாம். இரு பக்கப் பின்னலும் சதுரத்தின் வாசலில், கடக்கும் புள்ளியில் முடியும். புதிதாகப் பழகுபவர்கள் ஐந்து போர்வைகளாவது இப்படிச் செய்யட்டும்.

இரண்டாவது, பின்னலை வளைத்துத் திருப்புவது. இரு இழைகளும் சதுரத்தின் ஒரு வாசலில் கடந்து உள்ளே வருகின்றன. ஒன்று வெளிப்புறமாகப் பெரிய வளைவில் சுற்றுகிறது, மற்றது உள்மூலையை ஒட்டி நெருக்கமாகத் திரும்புகிறது. மறு வாசலில் இரண்டும் மீண்டும் கடக்கின்றன. மூலை முழுவதும் வளைந்த ஒரே கண் ஆகிவிடுகிறது. இதற்குத் தனி மூலை அச்சு வேண்டும், நேர்க்கரை அச்சைத் திருப்பித் திருப்பி வைத்து ஒப்பேற்ற முடியாது. நன்றாக அமைந்துவிட்டால் இதற்கு ஈடான அழகு இல்லை என்பது என் எண்ணம்.

மூன்றாவது, மேல் கீழ்க் கரைகளை ஓரம்வரை ஓடவிட்டு, பக்கக் கரைகளை அவற்றில் முட்டி நிறுத்துவது. செய்யலாம். ஆனால் கூலி வாங்கித் தைக்கும் போர்வையில் நான் செய்வதில்லை.

சாய்வுள்ள அச்சு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முறுக்கிய கயிறுபோல் ஒரு பக்கம் சரியும் பின்னல்களும் உண்டு. கயிறு திரிப்பவர் வலக்கை முறுக்கா இடக்கை முறுக்கா என்று பார்ப்பதுபோல், எல்லாப் பக்கங்களிலும் சரிவு ஒரே திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். அச்சைத் தவறிக் கவிழ்த்து வைத்தால் சரிவு மாறிவிடும். ஒரு முகத்தில் அழியாத மையால் புள்ளி வைத்துவிடுங்கள்.

சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்கும்: மூலைகளையும் சேர்த்து எண்ணும்போது மொத்தக் கண்கள் இரட்டைப்படை என்றால் பின்னலில் இரண்டு தனித்தனி இழைகள் இருக்கும். ஒற்றைப்படை என்றால் ஒரே இழைதான், போர்வையை இரண்டு முறை சுற்றித் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேரும். மேலே சொன்ன போர்வையில் 10, 10, 14, 14, மூலைகள் நான்கு, மொத்தம் 52. ஆகவே இரண்டு இழைகள்.

பக்கக் கரைகளைப் போர்வையைச் சுருட்டச் சுருட்டத் தைப்பதா, திருப்பிப் போட்டுத் தைப்பதா?

கேபிள் என்றால் திருப்பிப் போடுங்கள். சுருட்டிக்கொண்டே தைத்தால் ஒரு தடவைக்கு இரண்டு கண்தான் கிடைக்கும். 70 அங்குலப் பக்கத்துக்கு ஏழு தடவை நிறுத்தித் தொடங்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் துணியின் இழுவை சற்று மாறும். முதலில் நடுப்பகுதியையும் மேல் கீழ்க் கரைகளையும் முடித்து, பக்கக் கரைகளை நீளத் தையலால் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு போர்வையைக் கழற்றி, கால்வட்டம் திருப்பி மீண்டும் சட்டத்தில் ஏற்றுங்கள். ஒரு மணித்தியாலம் போகும். போகட்டும். இதற்காக அடித்துணியையும் பஞ்சையும் நாலு பக்கமும் மேல்துணியைவிட 4 அங்குலம் கூடுதலாக வெட்டியிருக்க வேண்டும்.

அச்சு வழுக்குகிறது அக்கா, கையை எங்கே வைப்பது?

இடக்கையை விரல் விரித்து அச்சின்மேல் வையுங்கள். சுண்டுவிரலோ பெருவிரலோ துணியையும் தொடட்டும். பாதம் நகரும்போது அழுத்தமும் கூடவே நகர வேண்டும். கைக்கு எட்டாத தூரம் வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, கையை மாற்றி வைத்து, பிறகு தொடருங்கள். பாதத்தை அச்சின்மேல் அழுத்தாதீர்கள், உரசினால் போதும். அச்சைத் தாங்கும் அகலத் தட்டை ஊசித்தட்டின் சுற்றில் பூட்டாமல் அச்சு வேலை செய்யவே கூடாது. தட்டு இல்லாமல் அச்சு ஒரு பக்கம் சரிந்துவிடும்.

அச்சின் அடியில் வழுக்காத ஒட்டுப்பட்டி ஒட்டலாம். சட்டத்தில் துணியை மத்தளம்போல் இறுக்கவும் வேண்டாம். கீழிருந்து விரலால் தள்ளினால் மேலிருந்து அந்த விரலைப் பிடிக்க முடிய வேண்டும், அந்த அளவு தளர்வு போதும்.

வளைவுகளில் அடிப்பக்கம் நூல் கண்ணிமை மயிர்போல் நீட்டி நிற்கிறதே?

வளைவில் வேகம் கூடிவிடுகிறது, ஊசி வளைகிறது, மேல்நூல் கீழே இழுபடுகிறது. வேகத்தைக் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மேல்நூலைச் சிறிது இறுக்குங்கள், 16 அல்லது 18 இலக்கப் புதிய ஊசி போடுங்கள். பொபின் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஓரத்து மிச்சத்துணியில் ஒரு முழு அலை தைத்துப் பாருங்கள். நேர்கோட்டில் சோதித்துப் பயனில்லை.

எதனால் கோடு போடுவது?

தையல் சோக் எப்போதும் பாதுகாப்பு. தண்ணீரில் போகும் நீலப் பேனாவும் நல்லதுதான், ஆனால் சூடு பட்டால் அந்த நீலம் துணியில் நிலைத்துவிடும். கழுவுமுன் இஸ்திரிக்கை போடாதீர்கள், சித்திரை வெயிலிலும் விரிக்காதீர்கள்.

சூட்டில் மறையும் பேனாவைக் கரைக்குப் பாவிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இஸ்திரிக்கை பட்டதும் கோடு மாயமாய் மறையும். கடும் குளிரில் திரும்பி வரும். நாம் தைக்கும் போர்வைகளில் பல கனடாவுக்கும் சுவிஸுக்கும் போகின்றன. மார்கழியில் பொதியைப் பிரிக்கும் மருமகள் கரை முழுவதும் கோடுகளைக் காண்பாள்.

எந்தத் துணி, எந்தப் பஞ்சு?

பருத்தி. ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுகள் மலிவு, ஆனால் எல்லாம் பருத்தி அல்ல. ஒரு நூலை எரித்துப் பாருங்கள். மென்சாம்பல் ஆனால் பருத்தி, உருகி உருண்டால் பொலியெஸ்டர். இழுபடும் பின்னல்துணியைக் கரைக்கு எடுக்கவே வேண்டாம்.

பருத்திப் பஞ்சுப் படலம் முதற்கழுவலில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம். 70 அங்குலத்தில் அது இரண்டு அங்குலத்துக்கு மேல். மேல்துணியும் அடித்துணியும் வேறு வேறு அளவில் சுருங்கினால் பின்னல் கோணும், ஆகவே இரண்டையும் முன்னரே கழுவி உலர்த்துகிறேன். எங்கள் வெக்கைக்கு மெல்லிய படலம் போதும். படலம் கிடைக்காதபோது பழைய பருத்திச் சேலையை நடுவே வைத்தும் தைத்திருக்கிறேன். பின்னல் அவ்வளவு புடைக்காது. ஆனால் ஏணையிலிருந்து இறக்கிய பிள்ளையைக் கிடத்த அதைவிட நல்ல விரிப்பு இல்லை.

சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி தண்டவாளத்தில் படிந்து சில்லு துள்ளும், துள்ளிய இடத்தில் அலை உடையும். ஒவ்வொரு காலையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மாரியில் ஊசித்தட்டுத் துருப்பிடிக்காமல் பாருங்கள்.

நூலின் நிறம்?

துணிக்கு ஒத்த நிறம். கை நன்றாகப் பழகிய பிறகு மாற்று நிறம்.

நெடுங்கை இயந்திரம் இல்லாமல் கேபிள் கரை போட முடியாதா?

முடியும். பல நூறு ஆண்டுகள் கையால்தான் போட்டார்கள். பழைய எக்ஸ்ரே படத்தைக் கழுவி அலை வடிவில் வெட்டினால் நல்ல அச்சு. வளையும், கிழியாது. இது கோடு வரைவதற்கு மட்டும் என்பதால் கால் அங்குலக் கழிப்பும் தேவையில்லை. அதை வைத்து சோக்கால் வரைந்து, கையூசியால் ஓட்டத்தையல் போடுங்கள். கால்மிதி இயந்திரத்திலும் துணியை இழுக்கும் பற்களை மூடிவிட்டுத் துணியைக் கையால் நகர்த்தித் தைக்கலாம். மேலே சொன்ன கண் கணக்கும் மூலை முறையும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

மூலை பிழைத்துவிட்டால் முழுக் கரையையும் பிரிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மூலையிலிருந்து பின்னோக்கி எண்ணி, பிழையை நாலைந்து கண்களுக்குள் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று பாருங்கள். கண்ணுக்குக் கால் அங்குலத்துக்குள் வந்தால், அத்தனை கண்களை மட்டும் கடக்கும் புள்ளிவரை பிரியுங்கள். அடிப்பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டிவிட்டு, மேல்நூலை மெல்ல இழுத்தால் நீளமாக வந்துவிடும். பிளேடால் மேலிருந்து அறுக்காதீர்கள். பிரித்த இடத்தில் தண்ணீர் தெளித்து, ஊசித்துளைகளை நகத்தால் குறுக்கும் நெடுக்கும் மெல்லத் தேய்த்து, ஓர் இரவு உலரவிடுங்கள். பருத்தி என்றால் காலையில் துளைகள் மூடியிருக்கும், காகிதச் சுருளை மறுபடி வைத்துக் குறிக்கலாம்.